ஆளுக்குப் பத்து ஊசி

பதுளையிலிருந்து இரத்தப் பரிசோதனை முடிவு வரவேண்டிய அன்று காலையில் நான் மூன்று தடவை ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் வந்தேன். தபால்காரன் அப்புத்தளை ஸ்டேஷனிலிருந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வருகிறவன். வழியில் ஆளைக் கண்டால் நின்றுவிடுவான், மாட்டைக் கண்டாலும் நின்றுவிடுவான். அவனை மனதுக்குள் திட்டித் தீர்த்து முடிப்பதற்கும் அவன் வாசல் படலையில் தலைகாட்டுவதற்கும் சரியாக இருந்தது. உறையைக் கிழித்துப் பார்த்தேன். நான் நினைத்ததுதான் எழுதியிருந்தது. நினைத்தது சரியாகிவிட்டதே என்று ஒரு நொடி சந்தோஷம் வந்தது. அடுத்த நொடி அந்தச் சந்தோஷத்துக்காக என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

அது 1955ஆம் ஆண்டு, ஆனி மாதக் கடைசி. ஆஸ்பத்திரி என்று நான் சொல்வது எட்டுக் கட்டிலும் ஒரு மருந்தறையும் உள்ள தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியை. அதற்கு மருத்துவிச்சியாக நான் காரைநகரிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எனக்கு மேலே ஸ்ரீஸ்கந்தராஜா ஐயா. அவர் மருந்து கலக்கிக் கொடுக்கப் படித்தவர்தான், டாக்டர் இல்லை. ஆனால் அந்த மலையில் எல்லோருக்கும் அவர்தான் டாக்டரையா. நிதானமான மனிதர். வீடு பற்றி எரிந்தாலும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் எழும்புவார். என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. எங்கள் இரண்டு பேரையும் ஒரே கூரைக்குக் கீழே வேலைக்குப் போட்டவர்களைச் சொல்லவேண்டும்.

இரத்தம் பெரியாயியுடையது. தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் கொழுந்து எடுப்பவள், வயது இருபத்திரண்டு. அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே செத்துப் பிறந்திருந்தன. ஒன்று ஏழாம் மாதத்தில், மற்றது எட்டாம் மாதத்தில். ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் அவளுக்குப் 'பிள்ளை தின்னி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை முதலில் வைத்தவள் மாமியார் இராக்கம்மாதான். இந்தப் பிள்ளையும் தங்காவிட்டால் பெரியாயியைப் பசறையில் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு மகனுக்கு வேறு பெண் பார்ப்பது என்று அவள் வாய்விட்டே சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் போய்ப் பார்த்தபோது எனக்கு முன்னாலேயும் சொன்னாள். பெரியாயி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

இரண்டு பிள்ளைகள் அப்படிப் போயிருந்தால் தாயின் இரத்தத்தைப் பார் என்று எனக்குப் படிப்பித்திருந்தார்கள். பார்த்தேன். எங்கள் பக்கத்தில் கிரந்தி என்பார்கள், தோட்டத்தில் மேகநோய் என்பார்கள், புத்தகத்தில் சிபிலிஸ். பெரியாயி கல்யாணத்துக்கு முன் தாய் வீட்டையும் தேயிலை மலையையும் தவிர வேறொன்றும் அறியாதவள். அது அவளுக்கு எப்படி வந்திருக்கும் என்று கண்டுபிடிக்க ஒரு பெரிய மூளை தேவையில்லை.

கடுதாசியை ஐயாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவளுக்கு மட்டும் போட்டுப் பிரயோசனம் இல்லை, பிள்ளை," என்றார். "ஆளுக்குப் பத்து ஊசி, புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஒரே நாளிலை தொடங்கவேணும். அவன் போடாமல் விட்டால் திரும்பவும் அவளுக்குக் குடுத்துப்போடுவான். முதலிலை அவனைப் பிடியும்."

பெனிசிலின் அப்போது தோட்டங்களுக்கு வரத் தொடங்கியிருந்தது. எங்கள் அலமாரியில் இரண்டு பேருக்கும் போதுமான மருந்து இருந்தது. மருந்து கையில் இருக்கும்போது ஒரு பிள்ளை சாவதை நினைக்க எனக்கு நெஞ்சு பதறியது. அன்று பின்னேரமே அவள் புருஷன் கந்தப்பனுக்கு ஆள் அனுப்பினேன்.

கந்தப்பன் கவ்வாத்து வெட்டுகிறவன், தேயிலைச் செடியைக் கழித்து விடுகிற வேலை. நெடிய ஆள், வாய் அதிகம் திறக்காதவன். பெண்சாதிமேல் கைநீட்டாதவன் என்று லயமே சொல்லும். வந்து கதவோரம் நின்றான். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவனும் மறைக்கவில்லை. கல்யாணத்துக்கு நாலைந்து மாதத்துக்கு முன் பதுளைக்குப் போன இடத்தில் சேர்க்கை சரியில்லாமல் ஒரு பெண்ணிடம் போயிருக்கிறான். சில வாரத்தில் புண் வந்திருக்கிறது. வெளியே சொல்ல வெட்கம். கதிர்காமத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டு, விரதம் பிடித்து, கொஸ்லாந்தை, வெல்லவாயா, புத்தள என்று காட்டு வழியே நடந்து போயிருக்கிறான். திருவிழா முடிந்து திரும்பி வந்தபோது புண் இருந்த அடையாளமே இல்லை. ஒரு மருந்து தின்னவில்லை, ஓர் எண்ணெய் பூசவில்லை.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. அந்தப் புண் எவனுக்கும் அப்படித்தான். ஒரு மாதம், ஒன்றரை மாதம் போனால் தன்பாட்டில் ஆறிவிடும். ஆறியபிறகுதான் நோய் இரத்தத்துக்குள் சம்மணம் போட்டு உட்காரும். விரதம் பிடித்து, நடந்து போய், திருவிழா பார்த்து, திரும்பி வருகிற காலக் கணக்கும் அதேதான். இந்த மலைகளில் இவனைப்போல எத்தனை பேர் சுகமாகிவிட்டது என்று கற்பூரம் கொளுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்களோ தெரியாது.

"அது மாறேல்லை, கந்தப்பன். உள்ளுக்குப் போய் ஒளிச்சிருக்கு," என்றேன்.

"இல்லிங்கம்மா. வந்துச்சு, இல்லேங்கல. முருகன் தொட்டுக் கழுவிட்டாரு. அவரு ஆத்துனத நா மறுபடி ஊசி போட்டு ஆத்திக்கிட்டா, அவர நம்பலேன்னுதானே ஆகும்?"

எனக்கும் முருகன்தான் என்றேன். நல்லூரில் என்னை நேர்ந்துவிட்டுத்தான் அம்மா பெற்றாள் என்றேன். சாமி ஊசி போடவேண்டாம் என்று எங்கேயும் சொல்லவில்லை என்றேன். கிணற்றில் போட்ட கல்லாக நின்றான். கடைசியில், பெரட்டுக்கு நேரமாகிவிடும் என்று சொன்னான். பெரட்டு என்பது விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்குப் பிரிக்கிற இடம். அப்போது பின்னேரம் ஐந்து மணி. பொய் சொல்லக்கூடத் தெரியாத மனிதன் இப்படி முரண்டு பிடிக்கிறானே என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு நாள் போனால் அந்த வயிற்றில் ஒரு நாள் போகிறது. ஏழாம் மாதத்தை நோக்கி ஒவ்வொரு காலையும் நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு தடவை ஆள் அனுப்பினேன், வரவில்லை. ஒரு தடவை லயத்துக்கே போனேன். என்னைக் கண்டதும் விறகுக்குப் போகிறேன் என்று பின்பக்கத்தால் போய்விட்டான். ஐயாவிடம் சொன்னால், அவசரப்படவேண்டாம், யோசிக்க விடும் என்றார். அவருக்கென்ன, அவர் யோசித்துக்கொண்டே பென்ஷன் எடுத்துவிடுவார். சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. ஊசிகளை அவித்து வைப்பேன், பிறகு ஒன்றுமில்லாமல் மறுபடியும் அவிப்பேன்.

எட்டாம் நாள் பொறுக்க முடியாமல் கவ்வாத்து மலைக்கே ஏறிப் போனேன். பன்னிரண்டு ஆண்கள் குனிந்து தேயிலையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மருத்துவிச்சி மலைக்கு வருவது அவர்களுக்குப் புதினம். கத்திகள் எல்லாம் நின்றன. கந்தப்பன் மட்டும் வெட்டிக்கொண்டேயிருந்தான். அந்தக் குனிந்த முதுகைக் கண்டதும் எனக்கு நிதானம் கழன்றுவிட்டது.

"நீ வராட்டி இந்தப் பிள்ளையும் முந்தின ரெண்டையும் போலத்தான் போகும். நல்லா வெட்டு," என்றேன்.

அவனுடைய கத்தி நின்றது. அவன் நிமிரவில்லை. நான் திரும்பி இறங்கினேன். பாதி வழியில்தான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. நல்ல காலம், பெண்சாதிக்கு இரத்தம் கொடுக்கத்தான் அவனைக் கூப்பிடுகிறேன் என்று மற்றவர்கள் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். ஐயாவுக்குக் கதை போய்விட்டது. அவர் அன்று என்னைத் திட்டிய திட்டில் கண்ணாடியைத் துடைக்கவே மறந்துபோனார். ஒரு மனிதனின் மானத்தை மலையில் வைத்து ஏலம் போடுவதற்கு உமக்கு யார் அதிகாரம் தந்தது என்று கேட்டார்.

மறுநாள் நாலரை மணிக்கு, வேலை விட்ட கையோடு, கந்தப்பன் வந்தான். கத்தியை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்து, உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தான். அதற்கு முன் அவன் எனக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணுங்கம்மா," என்றான். "அந்த ரெண்டும்... என்னாலயாங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் நான் இவனைச் சாமி பெயரில் பிடிவாதம் பிடிக்கும் மடையன் என்று நினைத்திருந்தேன். அவன் முதல் நாளே கணக்குப் பார்த்துவிட்டிருக்கிறான். கையை நீட்டி ஊசியை வாங்கிக்கொண்டால், தன் இரண்டு பிள்ளைகளையும் தானே கொன்றதாக ஒப்புக்கொள்ளவேண்டும். முருகன் சுகப்படுத்திவிட்டார் என்று இருக்கும்வரைதான் அவனுக்குத் தூக்கம். நான் அந்த ஒன்றைத்தான் அவனிடமிருந்து பறிக்க மலை ஏறிப் போயிருந்தேன்.

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். என் வாழ்க்கையில் நான் யோசித்துப் பேசிய சில தடவைகளில் அது ஒன்று. முடியவில்லை. "ஓம்," என்றேன். "உனக்குத் தெரியாமல் நடந்தது. ஆனால் உன்னாலைதான்."

அவன் அழவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டத் தொடங்கினான். இந்த ஊசி கையில் இல்லை, இடுப்பில் என்று நான் சொன்னபோது, அந்த நேரத்திலும் அவன் முகத்தில் வெட்கம் ஓடியது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தான். பெரியாயிக்கும் தாய்க்கும் இது தெரியக்கூடாது. தெரிந்தால் தான் அந்த ஒற்றையறைக் காம்பராவில் காலடி வைக்க முடியாது, எங்கேயாவது போய்விடுவேன் என்றான். நான் யோசிக்கவே இல்லை. சத்தியம் செய்து கொடுத்தேன். பத்து ஊசிக்கு ஒரு சத்தியம், லேசாக முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பெரியாயியிடம், இரத்தத்தில் பலம் இல்லை, பத்து நாள் ஊசி போடவேண்டும் என்று சொன்னேன். அவள் ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானத்தில் வந்து படுப்பாள். கந்தப்பன் மாலையில் வருவான். ஆள் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தால் லயத்தில் கேள்வி வருமே? அதற்கும் அவனே வழி கண்டுபிடித்தான். கவ்வாத்துக் கத்தி வெட்டிவிட்டது என்று இடது கையில் பெரிய கட்டாகப் போடச் சொன்னான். காயமே இல்லாத கைக்கு நான் பத்து நாள் கட்டு மாற்றினேன். மருந்து முடியும்வரை பெண்சாதியை நெருங்கக்கூடாது என்று சொல்ல நான் தயங்கி நின்றபோது, "ஆடி வெரதம்னு சொல்லிக்கிறேங்க," என்றான். முருகன் கடைசியில் எங்கள் பக்கம் வந்துவிட்டார் என்று சொல்லி நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஆறாம் நாள் அவன் நாலரைக்கு வரவில்லை, ஐந்துக்கும் வரவில்லை. நான் வாசலுக்கும் மருந்தறைக்கும் நடந்து நடந்து ஐயாவைப் பைத்தியமாக்கினேன். இருட்டத் தொடங்கும்போது நனைந்துகொண்டு ஓடிவந்தான். தூரத்து மலையில் வேலை போட்டுவிட்டார்களாம். பத்தாம் நாள் இரண்டு பேருக்கும் கடைசி ஊசி போட்டு முடித்ததும் ஊசிகளை மறுபடியும் அவிக்கப் போனேன். ஐயா, போதும், இனிப் போய்ப் படும் என்றார்.

ஆனால் படுத்துத் தூங்கவா முடிந்தது? மருந்து பிடித்ததா இல்லையா என்பதைப் பிள்ளை பிறந்துதான் சொல்லவேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார் என்பதுதான் எனக்கு விதித்த வேலை. நான் ஒன்றுவிட்டொரு நாள் போனேன். மரக்குழலை அவள் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுப்பேன். அந்தச் சின்ன இதயம் அடிக்கிற சத்தம் கேட்கும்வரைக்கும் என்னுடையது நின்றுபோயிருக்கும். ஏழாம் மாதம் கடந்தது. எட்டாம் மாதம் வந்ததும் இராக்கம்மா பசறைக்கு ஆள் அனுப்பி, பெண்ணை எடுத்துக்கொள்ள ஆயத்தமாக இருக்கும்படி சம்பந்திக்குச் சொல்லிவிட்டாள். அவளை அப்போதே நாலு கேட்கவேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பெரியாயி வெள்ளிக்கிழமைகளில் பட்டினி கிடப்பது எனக்கு அந்த மாதத்தில்தான் தெரிந்தது. பச்சைத் தண்ணீர் மட்டும். அந்த வயிற்றையும் வைத்துக்கொண்டு காலையில் ஈரத்துணியோடு மாரியம்மன் கோயிலைச் சுற்றி வந்துவிட்டுக் கொழுந்துக்குப் போவாள். நான் கத்தினேன். உனக்கு மூளை இருக்கா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்:

"நா என்ன பாவம் பண்ணுனேன்னு எனக்கே தெரியலீங்கம்மா. தெரிஞ்சா அதுக்குன்னு ஒரு பரிகாரம் பண்ணிருவேன். தெரியாததாலதான் இப்புடிக் கெடக்குறேன்."

உண்மை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கந்தப்பன் வெளியே இஸ்தோப்புத் தாழ்வாரத்தில் கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். ஆணி அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது எனக்குக் கேட்டது. நான் சத்தியத்தை நினைத்தேன். பிள்ளை பத்திரமாக வந்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாப்பிடு, பட்டினி கிடந்தால் நான் இனி வரமாட்டேன் என்று வெருட்டிவிட்டு வெளியே வந்தேன். கந்தப்பனும் நானும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ஐப்பசி நடுவில், அடைமழைக்குள், ஒரு முற்பகல் வலி கண்டது. நான் போய்ச் சேர்ந்தபோது இராக்கம்மா சுடுதண்ணீர் வைத்திருந்தாள். வாய் நீளம் என்றாலும் வேலையில் கெட்டிக்காரி. மத்தியானம் தாண்டிப் பிள்ளை வந்தது. பெண். வந்தவுடன் அழவில்லை. அந்த இடைவெளி எவ்வளவு என்று யாரும் என்னைக் கேட்கவேண்டாம். காலைப் பிடித்துத் தட்டினேன், வாயைத் துடைத்தேன். பிறகு அது அழுத அழுகையில் அடுத்த காம்பராவில் இருந்தவர்கள் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கையைப் பார்த்தேன், பாதத்தைப் பார்த்தேன், எங்கேயும் தோல் உரியவில்லை. மூக்கடைப்பு இல்லை. கால் இரண்டையும் உதைத்தது. எனக்குக் கண்ணீர் கொட்டியது, துடைக்கக் கை ஒழியவில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

இராக்கம்மா குனிந்து பேத்தியின் கன்னத்தைத் தொட்டாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

"இப்பத்தான் இவளப் புடிச்ச பாவம் வெலகுச்சு," என்றாள். "ரெண்டத் தின்னுட்டுத்தான் வெலகுச்சு."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை விட்டுவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறந்தால் சத்தியம் போய்விடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அப்போது கதவுக்கு வெளியே இருந்து கந்தப்பனின் குரல் வந்தது.

"அவ தின்னல ஆத்தா. எனக்கு மேகநோய் இருந்துச்சு. அதுதான் ரெண்டயும் கொன்னுச்சு. இந்தம்மா எங்க ரெண்டு பேத்துக்கும் ஊசி போட்டுத்தான் இது தங்கியிருக்கு."

அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். இராக்கம்மா கையிலிருந்த துணியைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். எனக்கு அவனை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. இதோ முடிந்தது, இனி யாரும் இவளைப் பிள்ளை தின்னி என்று சொல்லமுடியாது, பசறைக்கு அனுப்பமுடியாது என்று நெஞ்சு குதித்தது. அவள் முகம் மலர்வதைப் பார்க்க ஆசையோடு பெரியாயியின் பக்கம் திரும்பினேன்.

அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"ஆடிக்கு முந்தி," என்றான் கந்தப்பன், வெளியே நின்றபடி.

அவள் விரல் மடக்கவில்லை, ஆனால் மாதங்களை எண்ணினாள். அது முகத்தில் தெரிந்தது. எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒங்களுக்குங்களாம்மா?"

"ஓம்," என்றேன்.

"நாந்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டுத்தாங்க இதயும் பெத்தேன்," என்றாள் பெரியாயி. "எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

பிள்ளைக்காகத்தான் என்று சொல்ல நினைத்தேன். பிள்ளை என் கையில்தான் இருந்தது. அவள் இரண்டு கையையும் நீட்டினாள். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, பால் கொடுக்கத் தொடங்கினாள்.